மத்தளையில் தம்பி, கட்டுநாயக்கவில் நாங்கள்

கட்டாரிலிருந்து கட்டுநாயக்கவுக்கு விமானம் வந்து சேர ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. கட்டுநாயக்கவிலிருந்து அப்புத்தளையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வேன் வந்து சேர ஆறரை மணி நேரம். அதுவும் பலாங்கொடைப் பக்கத்து வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுக்காமல், ஹல்துமுல்லையில் மண் சரியாமல், பெரகலையில் மூடுபனி மறிக்காமல் இருந்தால். வெளிநாட்டில் பிள்ளையை வைத்திருக்கும் மலைநாட்டு வீடுகளில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். எனக்கும் மனப்பாடம்தான். இலங்கையின் இரண்டு பெரிய சர்வதேச விமான நிலையங்களான, கொழும்புக்கு அருகே இருக்கும் கட்டுநாயக்கவுக்கும் தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கம் இருக்கும் மத்தளைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை மட்டும் நான் ஒருநாளும் யோசித்ததில்லை. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி விடியற்காலையில் யோசிக்க வேண்டி வந்தது.

தம்பி நான்கு வருடங்களுக்குப் பிறகு ஊருக்கு வருகிறான். காலை 4.40க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருந்தது. முதல் நாள் இரவு ஏழரை மணிக்கு வேன் ஏறினோம். அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான், தம்பியின் மனைவி, அவர்களுடைய மூன்றரை வயது மகள். அப்பனைத் தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்திருந்த பிள்ளை அது. அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால் வீட்டில் நின்றுவிட்டார். வேன் ஓட்டியவர் எங்கள் நகரத்து நானா, அதாவது முஸ்லிம் அண்ணன். முப்பது வருடமாக இந்த மலையில் ஓட்டுகிறவர், தமிழர்களும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா கோதுமை மா ரொட்டியும் கட்டச்சம்பலும் செய்து, போகும்போது பாதி, வரும்போது பாதி என்று இரண்டு பொதியாகக் கட்டி வைத்திருந்தாள். தம்பிக்கென்று தனியாக மூன்று ரொட்டி. அதில் யாரும் கைவைக்கக் கூடாது.

இறக்கம் முழுவதும் நல்லபடியாகவே போயிற்று. இரத்தினபுரியில் ஒரு பிளேன்டீ. அவிசாவளை தாண்டி, கடுவலையில் அதிவேகப் பாதையில் ஏறி, கெரவலப்பிட்டியில் கட்டுநாயக்கப் பாதைக்கு மாறினோம். இரண்டரை மணிக்கெல்லாம் விமான நிலையத்தில் இருந்தோம். கடைசிப் பத்துக் கிலோமீட்டரில்தான் நானா வேகத்தைக் குறைத்தார். கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. மூடுபனியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. “இங்கேயும் நம் ஊர்ப் பனி வந்துவிட்டதே” என்று அம்மா சிரித்தாள். நானா சிரிக்கவில்லை. “மலையில் பனி இருந்தால் நாம்தான் மெதுவாகப் போகிறோம். இங்கே பனி இருந்தால் விமானம் இறங்காது” என்றார். தை மாத விடியலில், நீர்கொழும்புக் களப்பின் ஓரத்தில் இருக்கும் அந்த ஓடுபாதையின் மேல் பனி இப்படிப் படிவது உண்டாம்.

4.40 ஆயிற்று. அறிவிப்புப் பலகையில் விமான இலக்கத்துக்கு எதிரே தாமதம் என்று வந்தது. எங்களைப் போலவே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். ஐந்து மணி சொச்சத்துக்கு எழுத்து மாறியது. ‘வேறு இடத்துக்குத் திருப்பிவிடப்பட்டது’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் அதைத் தன் மகனிடம் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தம்பியின் மனைவிக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. விபத்து என்று நினைத்துவிட்டாள். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தச் சொல் பலகையில் வந்தால் பெரும்பாலும் விமானத்துக்கு ஒன்றும் நேரவில்லை, விமானி எச்சரிக்கையாக இருக்கிறார் என்றுதான் அர்த்தம். அன்று இது தெரிந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு அரை மணி நேர நரகம் மிச்சமாகியிருக்கும்.

5.35க்குத் தம்பியிடமிருந்து அழைப்பு வந்தது. தன் பழைய இலங்கை சிம் அட்டையை அவன் கட்டாரில் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்து, அவ்வப்போது ரீலோட் போட்டு உயிரோடு வைத்திருந்தான். அதனால்தான் எங்களைப் பிடிக்க முடிந்தது. “அக்கா, மத்தளையில் இறக்கியிருக்கிறார்கள். எல்லோரும் உள்ளேயே இருக்கிறோம். ஒன்றும் சொல்கிறார்களில்லை.”

மத்தளை என்றதும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “நம் வீட்டுக்குப் பக்கமாச்சே!”

அம்மா சொன்னது பொய்யில்லை. அப்புத்தளையிலிருந்து பெரகலை, கொஸ்லந்தை, வெல்லவாய, தனமல்வில என்று இறங்கினால் மத்தளை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்தான். மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2013 மார்ச்சில் அந்த விமான நிலையம் திறக்கப்பட்டபோது, ஊவா மலைப்பக்கத்தில் எத்தனையோ வீடுகள் கணக்குப் போட்டன. இனி வெளிநாடு போகக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, கொஸ்லந்தை இறக்கம் போதும் என்று. 3,500 மீட்டர் ஓடுபாதை. உலகத்திலேயே பெரிய பயணிகள் விமானமும் இறங்கலாம் என்றார்கள். ஓடுபாதை இருந்தது, விமானங்கள்தான் வரவில்லை. இடையில் அங்கே நெல் மூட்டைகளை அடுக்கி வைத்தார்கள் என்ற செய்தியைப் படித்தபோது அப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வெளியே போனார். எங்கள் பக்கத்து ஆட்கள் அதன் பிறகு மத்தளையை மறந்துவிட்டார்கள். கட்டுநாயக்கவில் இறங்க முடியாத விமானங்கள் ஒதுங்கும் இடம் அது என்பது அந்த விடியலில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மாமா முடிவெடுத்துவிட்டார். “இங்கே நின்று என்ன செய்வது? மத்தளைக்கே போவோம். அதிவேகப் பாதை நேரே கொண்டுபோய் விடுகிறது. பிள்ளையை ஏற்றிக்கொண்டு அப்படியே வெல்லவாய வழியாக மேலே ஏறினால் மத்தியானச் சோறு வீட்டில்.” நானா தலையைச் சொறிந்தார். “கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே தங்கச்சி” என்று என்னைப் பார்த்துச் சொன்னார், மாமாவை எதிர்த்துச் சொல்ல விருப்பமில்லாமல். நான் வாயைத் திறக்கவில்லை. மாமாவின் திட்டம் எனக்கும் பிடித்திருந்தது. வரைபடத்தில் அவ்வளவு அழகாகப் பொருந்தியது.

இனி அந்த இரண்டு விமான நிலையங்களின் தூரக் கணக்கு. நேர்கோட்டில் கட்டுநாயக்கவுக்கும் மத்தளைக்கும் நடுவே 170 கிலோமீட்டர் அளவுதான் இருக்கிறது. தரையில் அப்படிப் போக முடியாது, நடுவில் எங்கள் மலை நிற்கிறது. அதனால் பாதை கடற்கரைப் பக்கமாக வளைந்து, கட்டுநாயக்கவிலிருந்து கெரவலப்பிட்டி, அங்கிருந்து கொழும்பைச் சுற்றும் வெளிவட்டப் பாதையில் கொட்டாவை, பிறகு தெற்கு அதிவேகப் பாதையில் காலி, மாத்தறை, பெலியத்தை என்று சுற்றிக்கொண்டு போய் அம்பாந்தோட்டைப் பக்கம் சேர்கிறது. ஏறத்தாழ 260 கிலோமீட்டர். மாத்தறைக்கு அப்பால் மத்தளை வரைக்கும் அந்தப் பாதை திறந்தது 2020 பெப்ரவரியில்தான். அதற்கு முன்பென்றால் மாமாவுக்கே இந்த யோசனை வந்திருக்காது. மணிக்கு 100 கிலோமீட்டர் என்ற வேக எல்லைக்குள் எங்கும் நிற்காமல் ஓடினாலும் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. பிள்ளையோடும் வயதானவர்களோடும் போனால் மூன்றரை. விமானத்துக்கோ அதே தூரம் அரை மணி நேரச் சமாச்சாரம்.

அரை மணி நேரம் எங்கே, மூன்றரை மணி நேரம் எங்கே. போட்டி முடிவு அங்கேயே தெரிந்திருக்க வேண்டும். அன்று எங்கள் மூளையில் இருந்தது ஒரே ஒரு எண்: மத்தளை வீட்டுக்கு நூறு கிலோமீட்டர்.

5.45க்குக் கிளம்பினோம். பனியில் முதல் இருபது கிலோமீட்டரை ஊர்ந்து கடந்தோம். வெலிப்பன்னை ஓய்விடத்தில் நிறுத்திப் பிள்ளைக்குப் பால் வாங்கிக் கொடுத்தபோது மணி ஏழைத் தாண்டியிருந்தது. பனி எங்கேயோ போய்விட்டது, நல்ல வெயில். வெயிலைப் பார்த்து மாமா சந்தோஷப்பட்டார். பாதை தெளிந்துவிட்டதாம். கட்டுநாயக்கவிலும் இதே வெயில்தான் அடிக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நானாவுக்கு உறைத்திருக்கலாம். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடியே நின்றார்.

காலிக்கான பின்னதூவை வெளியேறும் வழியை நெருங்கியபோது, 7.45க்குத் தம்பி மறுபடி கூப்பிட்டான். குரலில் உற்சாகம். “அக்கா, பனி தெளிந்துவிட்டதாம், கதவைச் சாத்திவிட்டார்கள், கிளம்புகிறோம். அரை மணி நேரத்தில் கட்டுநாயக்க. அங்கேயே நில்லுங்கள்.”

வேனுக்குள் யாரும் பேசவில்லை. தொலைபேசி சத்தமாக வைக்கப்பட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டிருந்தது. அதிவேகப் பாதையில் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. நானா ஒரு வார்த்தை பேசாமல் சமிக்ஞை விளக்கைப் போட்டு, பின்னதூவையில் இறங்கி, கட்டணம் கட்டி, வட்டம் போட்டு, மறுபடி சீட்டு எடுத்துக் கொழும்புப் பக்கம் ஏறினார். அந்த வட்டத்தைச் சுற்றும்போது மாமா ஜன்னலுக்கு வெளியே தீவிரமாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

தம்பி 8.25க்கு இறங்கி, பெட்டியெல்லாம் எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்கு வெளியே வந்துவிட்டான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது 9.50. நான்கு வருடம் கழித்து வந்த பிள்ளை, வரவேற்க ஒருவரும் இல்லாமல் ஒரு தூணுக்கு அருகே பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று எல்லோரும் எதிர்பார்த்த மகள், அவனைப் பார்த்துப் பயந்து நானாவின் காலைப் பிடித்துக்கொண்டு ஒளிந்தாள். ஏறத்தாழ 280 கிலோமீட்டர் வீண் ஓட்டம். வீடு போய்ச் சேர மாலை ஐந்தைத் தாண்டிவிட்டது. முதல் நாள் இரவிலிருந்து இருபத்திரண்டு மணி நேரம்.

தம்பியின் பக்கத்துக் கதையைக் கேட்டபோதுதான் வயிறு எரிந்தது. மத்தளையில் விமானம் நின்றபோது விடியத் தொடங்கியதாம். வடக்குப் பக்க ஜன்னலில் நீலக் கோடாக மலை தெரிந்ததாம். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, “அதோ தெரிகிறதே, அதுதான் என் ஊர். மூன்று மணி நேரத்தில் போய்விடுவேன். என்னை இங்கேயே இறக்கிவிட முடியாதா?” என்று கேட்டிருக்கிறான். அவள் சிரித்து, முடியாது என்றிருக்கிறாள். அவனுடைய பெட்டி சரக்கறையில் முந்நூறு பெட்டிகளோடு கிடக்கிறது. அதை எடுக்காமல் அவனை மட்டும் இறக்கிவிட்டுப் பறக்க மாட்டார்கள். ஒருவனுக்காக எல்லாவற்றையும் இறக்கிக் கிளறினால் பனி தெளிந்த நேரத்தில் கிளம்ப முடியாது. தவிர, அது எரிபொருள் நிரப்பவும் காத்திருக்கவும் இறங்கிய இறக்கம். கதவு திறந்து, குடிவரவு, சுங்கம் எல்லாம் ஏற்பாடானால்தான் ஒரு பயணி வெளியே வரலாம்.

அப்பா சொல்வது இன்னொன்று. எங்கள் வீட்டு முற்றம் தெற்கே பார்த்தது. மழை இல்லாத இரவுகளில் கீழே சமவெளி முழுவதும், கடற்கரை வரைக்கும், வெளிச்சப் புள்ளிகள் தெரியும். அன்று விடியும் முன் பல் துலக்க வெளியே வந்தபோது தெற்கே ஒரு விளக்கு மெதுவாக இறங்கியதைப் பார்த்ததாக அப்பா சொல்கிறார். மகன் வந்த விமானம்தான் அது என்று இன்றுவரை வாதிடுகிறார். நேரம் சரியாக இருக்கிறது. நான் மறுப்பதில்லை.

அதற்குப் பிறகு விமானத் துறையில் வேலை செய்யும் ஒரு பழைய மாணவனிடம் இதையெல்லாம் விசாரித்தேன். நான் பாடசாலை ஆசிரியை, தெரியாததை விடமாட்டேன். அவன் விளக்கியது இது. பயணிகள் விமானம் கிளம்பும் முன்பே, போகிற இடத்தில் இறங்க முடியாவிட்டால் எங்கே ஒதுங்குவது என்று மாற்று விமான நிலையம் ஒன்று பயணத் திட்டத்தில் எழுதப்படும். அதுவரை போகவும், போன பிறகு இன்னும் 30 நிமிடம் வானில் சுற்றவும் எரிபொருள் கணக்கிட்டு ஏற்றப்படும். கட்டுநாயக்கவுக்கு வரும் விமானங்களுக்கு அந்த மாற்று இடம் மத்தளையாக இருக்கலாம். திருவனந்தபுரமாகவோ கொச்சியாகவோகூட இருக்கலாம். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பியைத் திருவனந்தபுரத்தில் இறக்கியிருந்தால் மாமா வேனை எடுத்திருக்கவே மாட்டார். கட்டுநாயக்கவில் பேசாமல் உட்கார்ந்து ரொட்டி தின்றிருப்போம், 8.25க்குப் பிள்ளையைக் கண்டிருப்போம். பக்கம் என்ற நினைப்புதான் எங்களைக் கெடுத்தது.

ஆகவே உங்கள் வீட்டுப் பிள்ளை வரும் விமானம் திருப்பிவிடப்பட்டால், முதல் வேலை நின்ற இடத்தில் நிற்பது. பனியோ கடும் மழையோ காரணமாக இருந்தால், வானம் தெளிந்ததும் பெரும்பாலும் அதே விமானம் அதே பயணிகளோடு திரும்பி வரும். விடியற்காலைப் பனி வெயில் ஏறினால் கரைந்துவிடும் என்று மலைநாட்டுக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விமானம் எங்கே இருக்கிறது என்பதைத் தொலைபேசியில் பிளைட்ரேடார்24 போன்ற செயலியில் பார்க்கலாம். கட்டுநாயக்கவின் குறியீடு சி.எம்.பி., மத்தளையின் குறியீடு எச்.ஆர்.ஐ. இந்த ஆறு எழுத்தையும் ஆங்கிலத்தில் ஒரு துண்டில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கிறேன். டிக்கெட் எடுக்கும்போதும் இது உதவும். கொழும்பு என்று மட்டும் போட்டிருந்தால் கல்கிசைக்கு அப்பால் இருக்கும் இரத்மலானை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகும் ஓட்டுநர்களும் உண்டு. அங்கிருந்து கட்டுநாயக்கவுக்குக் கொழும்பைக் குறுக்காகக் கடக்க வேண்டும். காலை நெரிசலில் அது தனி வனவாசம்.

நிற்பது எப்போதும் சரியா என்றால், இல்லை. எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் அடுத்த வருடம் இதேபோல் மத்தளையில் மாட்டினான். அந்த முறை விமானிகளின் வேலை நேரம் முடிந்துவிட்டது. சட்டப்படி அதற்கு மேல் அவர்கள் பறக்கக் கூடாது. பயணிகளை இறக்கி, பெட்டிகளைக் கொடுத்து, கட்டுநாயக்கவுக்குப் பஸ் ஏற்பாடு செய்வதாக அறிவித்தார்கள். அவன் பஸ்ஸில் ஏறவில்லை. வீட்டிலிருந்து அண்ணன்காரன் ஆட்டோவைத் தவிர்த்து ஒரு காரை எடுத்துக்கொண்டு கொஸ்லந்தை வழியாக இறங்கிப்போய் மத்தியானத்துக்குள் கூட்டி வந்துவிட்டான். அது சரியான முடிவு. எங்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் ஒன்றுதான். பெட்டி கைக்கு வந்த பிறகுதான் அவர்கள் வீட்டிலிருந்து வண்டி கிளம்பியது. எங்கள் வேனோ, பெட்டி கைக்கு வருமா என்று தெரியும் முன்பே காலியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே தொலைபேசியில் பிள்ளையிடம் ‘எங்கே இருக்கிறாய்’ என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. கதவைத் திறந்து இறக்குகிறார்களா, பெட்டியைத் தருகிறார்களா, விமானிகள் மாறப்போகிறார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். இறக்கவில்லை என்றால் அசையாதீர்கள். இதற்கெல்லாம் அவன் கையில் இயங்குகிற இலங்கை சிம் ஒன்று இருக்க வேண்டும். ஐம்பது ரூபாய் ரீலோட்டுக்குக் கஞ்சப்பட்டு அதைச் சாகவிடும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

மத்தளைக்கு இங்கிருந்து இறங்க வேண்டி வந்தால் ஒரு சொல். பகலில் போங்கள். பெரகலையிலிருந்து வெல்லவாய வரை ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டக் குடியிருப்பு மண்சரிவில் மண்ணுக்குள் போனது இந்தப் பாதைக்கு மேலேதான். மழை நாளில் அவ்வழியே போகும்போது எங்கள் ஆட்கள் இன்றும் பேச்சை நிறுத்திவிட்டு மேலே சரிவைத்தான் பார்ப்பார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் அந்தப் பக்கம் தலைவைக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்துக் கேட்கலாம். வெல்லவாயவைத் தாண்டினால் பாதை நேராகிவிடும், தூக்கம் வரும் அளவுக்கு நேர். ஆனால் தனமல்விலப் பக்கம் அந்தி மயங்கிய பிறகு பாதையில் யானை நிற்கும். “மேலே மூடுபனி, கீழே யானை, நடுவில்தான் நான் ஓட்டுகிறேன்” என்பது நானாவின் வழக்கமான புலம்பல். விமான நிலைய வாசலில் மலைநாட்டுக்கு நேரடிப் பஸ் காத்திருக்கும் என்று நம்பி எவரையும் வரச் சொல்லிவிடாதீர்கள்.

வேன் கூலி விஷயத்தையும் மறைக்கக் கூடாது. போக வரப் பேசிய தொகைக்கு மேலே அந்த 280 கிலோமீட்டர் வந்து நின்றது. நானா டீசல் செலவும் பாதைக் கட்டணமும் மட்டும் வாங்கிக்கொண்டார், அது அவருடைய நல்ல மனது. எல்லோரும் நானா இல்லை. கூடுதல் ஓட்டத்துக்குக் கிலோமீட்டருக்கு எவ்வளவு, காத்திருப்புக்கு மணிக்கு எவ்வளவு என்று ஏறும் முன்பே பேசிவிடுவது நல்லது. விடியற்காலை ஐந்தரைக்கு, அழுகிற மருமகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரும் பேரம் பேச முடியாது.

இரண்டு மாத விடுமுறை முடிந்து தம்பி திரும்பிய நாள் மார்ச் மாதத்தில் வந்தது. விமானம் காலை 9.50க்கு. மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது 6.50க்கு அங்கே நிற்க வேண்டும். ஆறரை மணி நேர ஓட்டத்தைக் கழித்தால் இரவு 12.20. மாமா பதினொன்றுக்குக் கிளம்பலாம் என்றார். இப்போதெல்லாம் மாமாவின் கணக்கை நான் நானாவிடம் காட்டாமல் ஒப்புக்கொள்வதில்லை. நானா எட்டரை என்றார். பின்னேரம் இடியோடு மழை பெய்திருந்தது. ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு மரம் பாதையின் குறுக்கே விழுந்து, அதை வெட்டி அகற்ற ஒன்றே முக்கால் மணி நேரம் பிடித்தது. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற காரிலும் ஒரு பையன் பெட்டியோடு இருந்தான், அவனுக்கு விமானம் ஐந்தரைக்காம். அவனுடைய அப்பா டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு மரம் வெட்டுகிறவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். நுவரெலியா, ஹட்டன், கித்துல்கலை வழியாகச் சுற்றிப் போகலாமா என்று நானாவிடம் கேட்டார். “இந்த நேரத்தில் திரும்பி ஏறிச் சுற்றினால் இன்னும் பிந்தும், மரம் போய்விடும், நில்லுங்கள்” என்றார் நானா. மரம் போயிற்று. அந்தப் பையனுக்கு விமானம் கிடைத்ததா என்று தெரியாது.

நாங்கள் ஐந்து மணிக்குச் சேர்ந்தோம். தம்பி உள்ளே போகும் வரைக்கும் மகள் அவன் கழுத்தை விடவில்லை. வானம் துடைத்த மாதிரி இருந்தது, பனியின் அடையாளமே இல்லை. பத்து மணியாயிற்று, கிளம்புவோமா என்று அம்மா கேட்டாள். நானா சாவியைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தார்.

“விமானம் போய்விட்டது என்று அதில் எழுதட்டும் அக்கா. பிறகு நாம் போவோம்.”

மாமா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா இரண்டாவது பொதியை அவிழ்த்தாள்.